குண்டு அவளிடம், துப்பாக்கி அவனிடம்

பாலம்மாள் ஈயம் காய்ச்சத் தொடங்கியது ஆசையினால் அல்ல, ஆத்திரத்தினால். அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியங்கள் பெரும்பாலும் அந்த அடுப்பில்தான் வெந்திருக்கின்றன.

அவள் கணவர் சோலைச்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியவர். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருந்த பூர்வீக நிலத்தில் மக்காச்சோளம் போட்டார். போட்டது அவர், தின்றது காட்டுப்பன்றி. இரண்டு போகம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று மனுப் போட்டு, ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார். குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய ரகம். விற்றவர் துப்பாக்கியோடு ஒரு சாக்குப்பையில் சில இரும்புச் சாமான்களையும் தள்ளிவிட்டிருந்தார்.

பட்டாளத்தில் குண்டு பெட்டியில் வரும். அது எங்கே எப்படிப் பிறக்கிறது என்று எந்த ஹவில்தாரும் கவலைப்பட்டதில்லை. இந்தக் குழலுக்குக் கம்பெனிக் குண்டு சேராது, நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னபோது சோலைச்சாமி கொஞ்சம் திகைத்தார். வீட்டில் குண்டு வார்க்கலாமா கூடாதா என்று அவர் எந்த அலுவலகத்திலும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பது பட்டாளம் அவருக்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

பழைய இரும்புக் கடையில் ஈயம் வாங்கி வந்து உருக்கினார். உருகிய பிறகுதான் எதில் ஊற்றுவது என்ற கேள்வி வந்தது. அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். பாலம்மாள் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த பணியாரக்கல் கண்ணில் பட்டது. ஏழு குழி. ஒரே ஊற்றில் ஏழு குண்டு. போர்க்களத்திலும் தோன்றாத உற்சாகம் அவருக்கு அன்று தோன்றியது.

ரேஷன் கடைக்குப் போயிருந்த பாலம்மாள் திரும்பி வந்து கல்லைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"குண்டு."

"எந்தப் பீரங்கிக்கு?"

சோலைச்சாமி துப்பாக்கிக் குழலைப் பார்த்தார், பணியாரத்தைப் பார்த்தார். குழலுக்குள் போவதற்குப் பணியாரம் இன்னும் நிறைய இளைக்க வேண்டியிருந்தது. அதுவும் பாதிதான் உருண்டை, மேல்பாகம் தட்டை.

"சுத்தியலால தட்டி உருட்டிக்கிடலாம்" என்றார்.

"முதல்ல உங்க மண்டையைத் தட்டி உருட்டணும். எங்கம்மா குடுத்த கல்லு!"

பாலம்மாள் ஈயம் ஒட்டிய கல்லைத் தூக்கி வாசலில் எறிந்தாள். அது போதாமல் சாக்குப்பையையும் எறிந்தாள். பை அவிழ்ந்து சிதறியதில் பாக்குவெட்டி போல இரண்டு கை வைத்த ஓர் இரும்புச் சாமான் வந்து விழுந்தது. குனிந்து எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"அது மொட்டைப் பாக்குவெட்டி. பழைய இரும்புக்குப் போடலாம்னு வச்சிருக்கேன்" என்றார் சோலைச்சாமி.

"பாக்கு வெட்டறதுக்கு உள்ள எதுக்குக் குழி? இந்தப் பக்கம் அரைக் குழி, அந்தப் பக்கம் அரைக் குழி. மேல ஊத்தறதுக்கு ஓட்டை. உங்களை வச்சா இந்தியா சண்டை போட்டுச்சு?"

அது குண்டு வார்க்கிற அச்சு. அன்றிலிருந்து ஈயம் அவள் இலாகா. இனி இந்தக் கண்றாவி அடுப்படிக்குள் வரக் கூடாது என்று நிலத்தில் இருந்த மோட்டார் ரூமுக்குப் பின்னால், திறந்தவெளியில், மூன்று கல் கூட்டினாள். அதற்கென்றே தனியாக ஓர் இரும்புச் சட்டி. ஈயம் உருகியதும் ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறி, மிதக்கிற கசடை வழித்தெடுப்பாள். அச்சின் உட்குழியை மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகையில் காட்டிக் கறுப்பாக்குவாள். அச்சு சூடேறும்வரை விழுகிற குண்டுகளைத் திட்டிக்கொண்டே திரும்பச் சட்டியில் போடுவாள். அச்சு பதத்துக்கு வந்ததும் திட்டு நின்றுவிடும். அவள் வாய் ஓய்ந்திருக்கிற நேரம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று சோலைச்சாமி சொல்வார், தூரத்தில் நின்றுகொண்டு.

அந்தக் குண்டுகளைக் கொண்டு அவர்கள் செய்ததைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், வெடிக்கலாம். பன்றி மேல் படக் கூடாது. சட்டம் அப்படி. வெறும் மருந்து போட்டு வெடித்தால் பன்றிகள் முதல் இரண்டு நாள் ஓடின. மூன்றாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தின்றன. சிவகாசிக்குப் பக்கத்துப் பன்றிகள். வெடிச் சத்தம் அவற்றுக்குத் தாலாட்டு. ஆனால் நிலத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த பாறையில் ஈயக் குண்டு போய் அறைகிற சத்தம் மட்டும் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. சோலைச்சாமி பாறையைச் சுடுவார், பன்றிகள் மலையைப் பார்த்து ஓடும். பாலம்மாள் காலையில் பாறையடி மண்ணைச் சலித்து, அப்பளமாகிக் கிடக்கிற ஈயத்தைப் பொறுக்கி, மறுபடி உருக்கிக் குண்டாக்குவாள். ஒரே ஈயம் வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் எறும்பைக்கூடக் கொல்லாத அந்தக் குண்டுகளின் புண்ணியத்தில், சோலைச்சாமி வீட்டில் வாரம் தவறாமல் பன்றிக்கறி வேகிறது என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

போன வருடம் மாசியில் சோலைச்சாமி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று உருமால் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். செத்தவரின் மகன் தலையில் புதுத் துணியைச் சுற்றி, இனி இந்த வீட்டுக்கு நீ என்று உறவுமுறை கூடிச் சொல்வார்கள். பாலம்மாளுக்கு மகன் இல்லை. ஒரே மகள் கார்த்திகா, கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மகள் தலையில் உருமால் நிற்காது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டதால், கொள்ளி வைத்த, சோலைச்சாமியின் தம்பி பாண்டிதுரைக்குக் கட்டினார்கள். அதுவரை பாலம்மாளுக்குக் குறையில்லை. கட்டி முடித்ததும் உறவில் மூத்தவரான மொக்கைச்சாமி எழுந்து உள்ளே போய், சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்து வந்து பாண்டிதுரை கையில் கொடுத்தார்.

"இந்தாப்பா. அண்ணன் சொத்து. ஆம்பளை கையில இருக்கணும்."

பாண்டிதுரை போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தார்கள் என்று எத்தனையோ பேர் மேல் கேஸ் எழுதிய கை அது. அதே கை அன்று நீண்டு வாங்கிக்கொண்டது. தலையை உருமால் இறுக்கிக் கட்டியிருந்ததால் சட்டம் உள்ளே நுழைய இடமில்லாமல் போயிற்று என்றுதான் கொள்ள வேண்டும்.

அழுதுகொண்டிருந்த பாலம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"துணி தலைக்குச் சரி. துப்பாக்கி எதுக்கு?"

"நீங்க சும்மா இருங்க மதினி. இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

"எதைப் பாத்துக்கிடுவ?"

"காட்டைத்தான்."

நிலத்தைத்தான் இங்கே காடு என்பார்கள். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. துப்பாக்கி போனால் சோளம் போகும். சோளம் போனால், தரிசாகக் கிடக்கிற காட்டை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை என்ன செய்யப் போகிறாள் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கிற நாலு பேரில் ஒருவர் அதை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருப்பார், தலையில் உருமாலோடு.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று கார்த்திகா சொன்னாள்.

"குடுத்தா? துப்பாக்கியத் தூக்கிட்டுப் போய் கோர்ட்டுல போடுவான். அங்க போன சாமான் என்னிக்கு வீடு திரும்பியிருக்கு? பொறவு நான் எதை வச்சுப் பன்னி வெரட்ட, வெளக்கமாத்தையா?"

"அப்ப வாரிசு லைசென்ஸ் கேளு."

கேட்டாள். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். துப்பாக்கியோ கொழுந்தன் வீட்டுக் கூடத்தில், அவர் சீருடையில் விறைப்பாக நிற்கிற புகைப்படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கையில் துப்பாக்கி இல்லாமல் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கேட்க வாயில்லை. புகார் கொடுத்தால் இரண்டுமே இல்லை. அவளைத் தவிர வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் கத்தினாள். அலுவலக வாசலில் கத்தினாள், பேருந்து நிறுத்தத்தில் கத்தினாள், ஊர் போய்ச் சேரும்வரை கத்தினாள்.

ஒரு மாதம் கழித்துப் பாண்டிதுரை அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"மதினி, அண்ணன் வச்சிருந்த குண்டு கொஞ்சம் கெடக்குமே?"

"கெடக்கு."

"அதையும் அந்த அச்சையும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா…"

"துப்பாக்கியக் கொண்டா, தாரேன்."

"அது எப்படி? எல்லாரும் பாக்க உருமா கட்டிக் குடுத்தது."

"குண்டு குடுக்கலைல்ல? போய் மொக்கைச்சாமிகிட்டக் கேளு. வெத்தலைப் பொட்டில வச்சிருப்பாரு."

"பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது மதினி."

"ஏலே பாண்டி, இத்தனை வருசமா நீ பாத்த குண்டு ஒவ்வொண்ணும் இந்தக் கை வார்த்தது. உங்கண்ணன் இடிச்சாரு, சுட்டாரு, அம்புட்டுத்தான். இட்லி அவிச்சவ நான். தின்னவரு அவரு. தின்னவரு தம்பி வந்து இட்லிப் பானையக் கேக்குற. வெக்கமா இல்ல?"

பாண்டிதுரை எழுந்தார். "குண்டு ஊத்தறது என்ன பெரிய வித்தையா?"

"ஊத்திப் பாரு. போ."

அவர் ஊற்றிப் பார்க்கத்தான் முடிவு செய்தார்.

செல்பேசியில் தேடியபோது, பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் தாடிக்காரர் ஒருவர் நிதானமாக ஈயக் குண்டு வார்க்கிற காட்சி கிடைத்தது. தாடிக்காரர் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டியிருந்தார். அவை குளிருக்காக என்று பாண்டிதுரை எடுத்துக்கொண்டார். பேசுகிற பாஷை புரியாததால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையை மட்டும் பார்த்துப் பாடம் படித்தார். ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், மீன் வலைக்குக் குண்டு வார்க்க என்று பொய் சொல்லி ஓர் அச்சு கடைந்து வாங்கினார். அவர் வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாது.

ஈயத்துக்குச் செல்வின் டயர் கடை. கார் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டி, பிறகு கழற்றிப் போடுகிற சின்னச் சின்ன எடைக்கட்டிகள் அங்கே ஒரு டின் நிறையக் கிடந்தன.

"ஏட்டையா, இது எல்லாமே ஈயம் இல்ல. இப்ப வர்றதுல பாதி துத்தநாகம், பாதி இரும்பு" என்றான் செல்வின்.

"ஏலே, கறுப்பா இருக்கு, கனமா இருக்கு. ஈயம் இல்லாம வெல்லமா?"

கட்டிகளில் ரோட்டுச் சேறு ஒட்டியிருந்தது. சுத்தம் விரும்பியான பாண்டிதுரை அவற்றைத் தண்ணீரில் அலசி, ஈரம் சொட்டச் சொட்ட, உருகிக்கொண்டிருந்த சட்டியில் ஒரு கை அள்ளிப் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாலம்மாளிடம் சொன்னவள் கல்பனா, பாண்டிதுரையின் மனைவி. முருங்கைக்கீரை கொடுக்கிற சாக்கில் வந்திருந்தாள்.

"அக்கா, வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். சட்டியில இருந்ததெல்லாம் மேல பறக்குது. அவியளுக்குக் கையெல்லாம் கொப்புளம். கேக்கறவங்ககிட்ட வடை சுடும்போது எண்ணெய் தெறிச்சிட்டுன்னு சொல்லிட்டுத் திரியுதாவ."

"வடையா? அவன் சுடுதண்ணி வச்சதுண்டா ஏட்டி?"

"தெருவே சிரிக்கி அக்கா."

பாலம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் கோபத்தில் கறுத்தது. "ஈரத்தோடயா போட்டான்? கண்ணு போயிருக்குமே கூறுகெட்ட பயலுக்கு! போனா போகட்டும், எனக்கென்ன. இங்க பாரு, ஒரு சொட்டு ஈரம் பக்கத்துல வரப்படாதுன்னு சொல்லு. வேர்வைகூட விழப்படாது. காத்தோட்டமா இல்லாத எடத்துல காய்ச்சப்படாது, அந்தப் புகை நஞ்சு. புள்ளைகள அண்ட விடாத. கையக் கழுவாம சோத்துல கை வைக்க விடாத. காய்ச்சுன சட்டியில சோறு பொங்கிராத."

"நம்ம பழைய குக்கர்லதான் அக்கா காய்ச்சுனாவ. கழுவி வச்சிட்டேன்."

"தூக்கிக் குப்பையில போடுட்டி! இப்பவே போ, போய்ப் போடு!"

எதிரியின் வீட்டுக் குக்கருக்காக அவள் அப்படிக் கத்தியது கல்பனாவுக்கு விளங்கவில்லை. பாலம்மாளுக்கும் விளங்கவில்லை. கல்பனா போன பிறகு இன்னும் கொஞ்ச நேரம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஐப்பசியில் போட்ட சோளம் பால் பிடித்திருந்தது. பன்றிகள் வந்தன. பாலம்மாள் தகர டின்னைத் தட்டினாள், சேலைகளைக் கயிற்றில் கட்டினாள், எஞ்சின் ஆயிலை வரப்பில் ஊற்றினாள். பன்றிகள் சேலைக்கு மரியாதை கொடுத்து அடியில் குனிந்து வந்தன. காலையில் போய்ப் பார்த்தால் பாய் விரித்தது போல வரிசை வரிசையாகச் சோளம் சாய்ந்து கிடக்கும். அவள் நடுக்காட்டில் நின்று பன்றிகளைத் திட்டுவாள். திட்டும்போது அவற்றைப் பெயர் சொல்லித்தான் திட்டுவாள். எல்லாப் பன்றிக்கும் ஒரே பெயர், கொழுந்தனுடைய பெயர். மோட்டார் ரூமில் ஒரு பழைய பவுடர் டப்பாவில் அவள் வார்த்த குண்டுகள் பளபளவென்று நிறைந்திருந்தன. பாறை சும்மா நின்றது.

ஒரு நாள் முற்பகலில் வனத்துறை ஜீப் வந்து காட்டோரம் நின்றது. இறங்கியவர் வனவர் வெங்கடேஸ்வரி; ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண், இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட ஒரு வனக்காவலர்.

"சோலைச்சாமி சம்சாரம் நீங்கதானே?"

"நாந்தான். அவரு இல்ல."

"தெரியும். அவர் துப்பாக்கி எங்க?"

பாலம்மாள் சாய்ந்து கிடந்த ஒரு சோளத்தட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

வெங்கடேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு குண்டு. "செண்பகத்தோப்பு ஓடையில பன்னி செத்துக் கெடந்தது. டாக்டர் அறுத்து எடுத்தது இது. இந்தச் சுத்துவட்டாரத்துல குழல் துப்பாக்கி லைசென்ஸ் உங்க வீட்டுக்காரர் பேர்ல மட்டும்தான் இருக்கு. சொல்லுங்க, சுட்டது யாரு?"

சொல்வதற்குப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் துப்பாக்கி கோர்ட்டுக்குப் போகும். ஒரு வருடமாக எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது போய்விடும். சொல்லாவிட்டால் கேஸ் அவள் தலையில். இரண்டையும் எடை போட்டபடி, என்ன செய்வதென்று தெரியாமல், உறையை வாங்கி வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள்.

பார்த்ததும் எடை போடுவதெல்லாம் நின்றுபோயிற்று.

"இதையா? இதையா நான் வார்த்தேன்னு வந்து கேக்குற?"

"அம்மா, மெதுவா…"

"என்ன மெதுவா? மேல பாரு, கெழவி மூஞ்சி மாதிரி சுருக்கம்! அச்சு சூடேறாம ஊத்தியிருக்கான். ஊத்துன ஓட்டையில தேங்கினது மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்கி, அதைக்கூட வெட்டல. இது ஈயமே இல்லம்மா! நகத்தை வச்சுப் பாரு, பதியுதா? என் குண்டு எலும்புல பட்டா அப்பளம். இது பன்னி வயித்துக்குள்ள போயிட்டு வந்தும் புளியங்கொட்டையாட்டம் அப்படியே இருக்கு. இந்தக் கண்றாவிய என் பேருல எழுத ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

வெங்கடேஸ்வரி உறைக்கு மேலாகவே நகத்தை அழுத்திப் பார்த்தார். பதியவில்லை. வனக்காவலர் மலையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"அப்ப நீங்க குண்டு வார்ப்பீங்க" என்றார் வெங்கடேஸ்வரி.

"பின்ன?" பாலம்மாள் மோட்டார் ரூமுக்குள் பாய்ந்து போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, துண்டை விரித்து, அதன் மேல் கவிழ்த்தாள். குண்டுகள் உருண்டு ஓடி நின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. "பாரு. இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, சுருக்கத்தோட எடுத்துக் காட்டு. என் கையில வெலங்க மாட்டு."

"ஏமிட்டி இதி" என்று தெலுங்கில் முணுமுணுத்தார் வனவர், என்ன இது என்று. பிறகு தமிழுக்குத் திரும்பினார். "அம்மா, இது குத்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

"எது குத்தம்? நல்லா வார்த்ததா, மோசமா வார்த்ததா?"

"ரெண்டும்தான்."

"அப்ப மோசமா வார்த்தவனை மொதல்ல பிடி!"

வாயை விட்ட பிறகுதான் விட்டது தெரிந்தது. ஒரு வருடமாக அவள் புத்தி ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த முடிவை, கோபம் ஒரு நொடியில் எடுத்து முடித்திருந்தது. வெங்கடேஸ்வரி யார் என்று கேட்கவில்லை. ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். பாலம்மாள் கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தாள், சாய்ந்து கிடந்த சோளத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"போகட்டும். கோர்ட்டுல கெடந்து துருப்பிடிக்கட்டும். அவன் சொவத்துல தொங்கறதுக்கு அது தேவலை."

பாண்டிதுரை வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது அவர் கூடத்தில் மொக்கைச்சாமியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் வடை சுட்ட தழும்பு. சுவரில் துப்பாக்கி. கல்பனா அடுப்படி நிலையில் வந்து நின்றாள். பாலம்மாளை ஜீப்பில் பார்த்ததும் தெருவும் வந்து நின்றது.

வனக்காவலர் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து, முகர்ந்து பார்த்தார். மருந்து வாடை அடித்தது; சுட்ட பிறகு துடைக்கவே இல்லை. கொல்லையில் லேத் அச்சும், கேப்பைக்கூழ் திரிந்தது போலக் கட்டி கட்டியாக உறைந்த ஓர் உலோகக் குவியலும் கிடந்தன. அங்கேயே உருட்டிப் போட்டிருந்த குண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் மூக்கு இருந்தது, சுருக்கம் இருந்தது.

வெங்கடேஸ்வரி திரும்பி நின்று கேட்டார்: "இந்தத் துப்பாக்கி யாரோடது?"

பாண்டிதுரை ஏட்டாக இருந்தவர். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் எத்தனை வருடம் என்று அவருக்குத் தெரியும். உருமால் கட்டிய நாளில் நுழைய வழி கிடைக்காத சட்டமெல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் புகுந்தது போல அவர் முகம் வெளிறியது.

"மேடம், இது எனக்குச் சம்பந்தமே இல்லாதது. அண்ணன் துப்பாக்கி. அண்ணனுக்குப் பொறவு மதினிக்குத்தான். சட்டப்படி அவங்கதான் வாரிசு. வேணும்னா இவரைக் கேளுங்க" என்று மொக்கைச்சாமியைக் காட்டினார்.

மொக்கைச்சாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. அது பாலம்மா துப்பாக்கிதான். நாங்க யாரும் அதைக் கேக்கல."

தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக எந்த அலுவலகத்திலும் எந்த உறவிடமும் கிடைக்காத வாக்கியம், கேட்காமலே, இரண்டு ஆண்பிள்ளைகள் வாயிலிருந்து தெளிவாக வந்து விழுந்தது. அவளைச் சிக்கவைப்பதற்காகத்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

கார்த்திகா பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பாள். அவள் கிருஷ்ணன்கோவிலில் இருந்தாள்.

"கேட்டியளா?" பாலம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கித் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் கேட்டியளா? ஆமா, என் துப்பாக்கி. என் காடு. எழுதிக்கோம்மா. என் பேரை நல்லாக் கொட்டை எழுத்துல எழுதிக்கோ!"

"மதினி, யோசிச்சுப் பேசுங்க" என்றார் பாண்டிதுரை, பழக்கத்தால்.

"நீ பேசுனதுதாம்லே நான் பேசுதேன்!"

துப்பாக்கியைத் துணியில் சுற்றினார்கள். பாலம்மாளின் அச்சும் டப்பாவும்கூடப் போயின. பன்றியைச் சுட்டதற்கும், துப்பாக்கியை உரிமையில்லாமல் வைத்திருந்ததற்கும் பாண்டிதுரை முதல் குற்றவாளி. துப்பாக்கியை ஒப்படைக்காமல் விட்டதற்கும், வீட்டில் குண்டு வார்த்ததற்கும் பாலம்மாள் இரண்டாம் குற்றவாளி. வெங்கடேஸ்வரி இதைப் பொறுமையாக விளக்கினார்.

பாலம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவதா?" என்றாள்.

"ஆமாம்மா."

"துப்பாக்கி யாரோடது?"

"உங்களோடது."

"நல்ல குண்டு யாரு வார்த்தது?"

"நீங்கதான்."

"பொறவு எந்த நியாயத்துல அவனை எனக்கு முன்னால போடுத?"

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. காட்டைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. கேட்கிற முகம் உறவில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் சோளத்தை விட்டுவிட்டு எள் விதைத்திருக்கிறாள். பன்றிகளுக்கு எள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை. வாய்தா நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் முதல் பெயர் கூப்பிடும்போது பாண்டிதுரை எழுவதற்குள் பாலம்மாள் எழுந்து நின்றுவிடுகிறாள். வக்கீல் சேலை நுனியைப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்கிறார். "இன்னும் உங்க முறை வரலைம்மா" என்கிறார். அவள் உட்காருவதில்லை.